இருங்காட்டுக்கோட்டைக்கு ஒரு டர்போ காரைத் தயார்செய்வது

டர்போ கார், அதாவது எக்ஸாஸ்ட் வாயுவின் விசையால் காற்றை அழுத்தி என்ஜினுக்குள் செலுத்தும் கருவி உள்ள கார், வைத்திருக்கும் நண்பர்கள் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்ப்பது என்று முடிவெடுத்ததும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: ஈசியூவை, அதாவது என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியை, ரீமேப் செய்து (அதன் நிரலை மாற்றி) குதிரைத்திறனை எவ்வளவு கூட்டிக்கொள்ளலாம்? சாலைக்கென்று செய்யப்பட்ட டர்போ காருக்குத் தடத்தில் முதலில் போதாமல் போவது வலு அன்று, தான் உண்டாக்கும் வெப்பத்தை வெளியேற்றும் திறன்தான் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விளக்கி வந்திருக்கிறேன். பிரேக், ஆயில், டர்போ அழுத்திய காற்றை ஆற்றும் இன்டர்கூலர், டயர் என்று எதை எடுத்துக்கொண்டாலும் தடத்துக்கான தயாரிப்பு என்பது வெப்பத்துக்கான தயாரிப்பே. சென்னை போன்ற ஊரில் இது இருமடங்கு உண்மை. அதைக் கணக்குகளோடு விரிவாக எழுதிவைத்தால் புதிதாக வருபவர்களுக்குப் பணமும் மிஞ்சும், காரும் மிஞ்சும் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் இடத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். சென்னைக்காரர்களுக்குத் தடம் என்றால் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே, பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி இருங்காட்டுக்கோட்டையில் இருக்கும் மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட்தான். 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதையான சோழவரத்தில் பல பத்தாண்டுகள் பந்தயங்களை நடத்திவிட்டு, தனக்கென்று உருவாக்கிக்கொண்ட இந்தத் தடத்தை 1990இல் திறந்தது. முழுச் சுற்றின் நீளம் 3.717 கி.மீ.; வளைவுகள் 12. கோவைக்காரர்களுக்குச் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. பந்தயக் கார்களை இங்கேயே வடிவமைத்துக் கட்டிய, 1995இல் விமான விபத்தில் மறைந்த கரிவர்தனின் பெயரைத் தாங்கிய அந்தத் தடம் நீளத்தில் மிகவும் குறைவானது. குறுகிய தடம் காருக்கு எளிதாக இருக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மையில் நேர்பாதைகள் குறுகும்போது இரண்டு பிரேக்கிங்குகளுக்கு இடையே பிரேக்கின் டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் தட்டு) ஆறுவதற்குக் கிடைக்கும் நேரமும் குறைகிறது.

நான் சொல்வது பந்தயத்தைப் பற்றி அன்று. நேரக் கணக்கு, பரிசு, இடத்துக்கான மோதல் எதுவும் இல்லாமல், நம் சொந்தக் காரை நாமே ஓட்டிச் சென்று, பதினைந்து இருபது நிமிடத் தவணைகளாகப் பிரித்துத் தரும் நேரத்தில் தடத்தில் ஓட்டிவிட்டு, அதே காரில் வீடு திரும்பும் டிராக் டேயைப் பற்றித்தான் சொல்கிறேன். வீடு திரும்ப வேண்டும் என்ற இந்த ஒரு நிபந்தனை தயாரிப்பு முழுவதையும் தீர்மானிக்கிறது. பந்தயக் காருக்குப் பொருந்தும் பல மாற்றங்கள் பூந்தமல்லி நெரிசலில் ஓட வேண்டிய காருக்குப் பொருந்தா.

என்னுடையது ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230. இந்தியாவுக்கு 2017இல் வந்த இந்தக் காரில் 1,984 சிசி டர்போ பெட்ரோல் என்ஜின், 230 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, ஆறு கியர் டிஎஸ்ஜி (இரட்டைக் கிளட்ச் தானியங்கி கியர்பாக்ஸ்) ஆகியவை உண்டு. வலு முழுவதும் முன்சக்கரங்களுக்கே போகிறது. நான்கு கதவும் பெரிய டிக்கியும் உள்ள செடானை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தடத்தில் அதைத் தம் காரில் ஒருமுறை பின்தொடர்ந்து வந்தவர்கள் அப்படிக் கேட்பதில்லை. கீழே நான் எழுதுவதில் பெரும்பகுதி எந்த டர்போ பெட்ரோல் காருக்கும், போலோ ஜிடி போன்ற சிறிய கார்களுக்கும், பொருந்தும்.

பிரேக்கிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் புதியவர்களின் முதல் நாள் பெரும்பாலும் அங்கேதான் முடிகிறது. ஓட்டுபவரோடு சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 180 கி.மீ. வேகத்திலிருந்து 80 கி.மீ. வேகத்துக்குக் குறையும்போது இழக்கும் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 15 லட்சம் ஜூல். ஐந்து லிட்டர் தண்ணீரை நம் ஊர் அறை வெப்பநிலையிலிருந்து கொதிக்க வைக்கப் போதுமான இந்த ஆற்றல், நான்கைந்து விநாடிகளுக்குள், பெரும்பாலும் முன்சக்கர டிஸ்க்குகள் இரண்டிலும் வெப்பமாக இறங்குகிறது. நகரத்தில் 60 கி.மீ. வேகத்திலிருந்து முழுவதுமாக நிறுத்தும்போது இறங்குவதைப் போல இது ஏழு மடங்கு. அதுவும் ஒரே சுற்றில் பலமுறை, ஆறுவதற்குள் அடுத்தது என்று தொடர்ந்து நடக்கிறது.

இந்த வெப்பம் டிஸ்க்கிலிருந்து, அதை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் பேடுக்கும், பேடிலிருந்து அதைத் தள்ளும் கேலிபரின் பிஸ்டனுக்கும், அங்கிருந்து நாம் பிரேக் ஆயில் என்று சொல்லும் திரவத்துக்கும் போகிறது. அந்தத் திரவம் கிளைகால் வகையைச் சேர்ந்தது. காற்றிலுள்ள ஈரத்தை ரப்பர் குழாய்கள் வழியாகவும் மேலுள்ள டப்பாவின் மூடி வழியாகவும் மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். டாட் 4 தரத்தின்படி புதிய திரவம் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது, ஏறத்தாழ 3.7 சதவீதம் ஈரம் சேர்ந்தபின் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் இரண்டு ஆண்டுகளாக மாற்றாமல் விட்ட பிரேக் ஆயிலோடு தடத்துக்கு வரும் காரில், மூன்றாவது நான்காவது சுற்றில் அந்தத் திரவம் கேலிபருக்குள் கொதித்து ஆவிக்குமிழிகள் உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். எனவே பெடலை மிதித்தால் அது எதிர்ப்பில்லாமல் தரையைத் தொடும், கார் நிற்காது.

இதைத் தவிர்க்க ஆகும் செலவு, ரீமேப்புக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. மோட்டுல் ஆர்பிஎஃப் 600 போன்ற திரவத்தின் கொதிநிலை புதியதாக இருக்கும்போது 312 டிகிரி. பழைய திரவம் முழுவதையும் வெளியேற்றிவிட்டு இதை நிரப்பி, நான்கு சக்கரங்களின் பிரேக்குகளிலும் உள்ளே தங்கிய காற்றுக்குமிழிகளை வெளியேற்றிவிட்டால் காரின் பாதுகாப்பில் மிகப் பெரிய முன்னேற்றம் கிடைத்துவிடுகிறது. ஒவ்வொரு டிராக் டேக்குப் பிறகும் கேலிபரில் இருக்கும் சிறிதளவு திரவத்தையாவது வெளியேற்றுவதும், ஆண்டுக்கு ஒருமுறை முழுவதுமாக மாற்றுவதும் என் வழக்கம். ஒன்றை மட்டும் கவனமாகச் சொல்ல வேண்டும்: டாட் 5 என்பது சிலிகான் வகை, டாட் 5.1 என்பது கிளைகால் வகை. எண்கள் அடுத்தடுத்து இருப்பதால் இரண்டையும் ஒன்றாக நினைத்து, கடைக்காரர் எடுத்துக்கொடுத்த டாட் 5 திரவத்தைப் பழைய கிளைகாலோடு கலந்துவிடக் கூடாது.

அடுத்தது பேட். சாலைக்கான பேட்கள் காலையில் வண்டியை எடுத்ததும் முதல் மிதிப்பிலேயே பிடிக்க வேண்டும், சத்தமிடக் கூடாது, சக்கரத்தில் கரியைப் பூசக் கூடாது என்ற தேவைகளுக்காகச் செய்யப்பட்டவை. அவற்றைப் பிணைத்திருக்கும் பிசின் அளவுக்கு மீறிச் சூடாகும்போது வாயுவாக வெளியேறி, பேடுக்கும் டிஸ்க்குக்கும் இடையே ஒரு மெல்லிய படலமாக நிற்கிறது. அப்போது பெடல் கல்லைப் போலக் கெட்டியாகவே இருக்கும், ஆனால் கார் வேகம் குறையாது. பெடல் தளர்ந்து இறங்கினால் கோளாறு திரவத்தில். பெடல் கெட்டியாக இருந்தும் கார் நிற்காவிட்டால் கோளாறு பேடில். இந்த வேறுபாட்டைத் தெரிந்துவைத்திருப்பவர் பிட்டுக்கு, அதாவது தடத்தோரம் கார்கள் நிற்கும் இடத்துக்கு, திரும்பி வந்ததும் எதைச் சரிசெய்ய வேண்டும் என்று யாரையும் கேட்கத் தேவையில்லை.

தடத்துக்கென்று செய்த பேட்கள் உயர்ந்த வெப்பத்தைத் தாங்கும். மாறாக, குளிர்ந்த நிலையில் பிடிப்புக் குறைவு, கிறீச்சிடும், டிஸ்க்கை விரைவாகத் தேய்க்கும். வீட்டிலிருந்து தடத்துக்கு ஓட்டிச் செல்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இரண்டுக்கும் நடுவே நிற்கும் பேட்களை. முழுப் பந்தயப் பேட்தான் வேண்டும் என்றால் தடத்தில் போய் மாற்றிக்கொள்ளலாம். பழகிய கைக்கு முன்சக்கரப் பேட்களை மாற்றுவது அரைமணி நேர வேலைதான். எந்தப் பேடாக இருந்தாலும் அதைப் பதப்படுத்துவது, அதாவது நடுத்தர வேகத்திலிருந்து நிற்காமல் பலமுறை வேகத்தைக் குறைத்துச் சூடாக்கி, பிறகு பிரேக்கைத் தொடாமல் நெடுந்தூரம் ஓட்டி ஆறவிடுவது, கட்டாயம். இது டிஸ்க்கின் மேல் பேடின் பொருளை ஒரே சீரான படலமாகப் படியவைக்கிறது. பாதிக்கு மேல் தேய்ந்த பேடோடு தடத்துக்கு வர வேண்டாம். தேய்ந்த பேட் தீர்ந்துவிடும் என்பது மட்டும் காரணமில்லை. மெலிந்த பேட் வெப்பத்தைத் தடுக்கும் ஆற்றலை இழந்து, அதை நேராகத் திரவத்துக்கு அனுப்பிவிடும் என்பதே பெரிய காரணம்.

இந்தக் கால முன்சக்கர இயக்க டர்போ கார்களில் இன்னொரு விஷயம் உண்டு, பலருக்கும் இது தெரிவதில்லை. என் காரில் எக்ஸ்டிஎஸ் என்ற மின்னணு அமைப்பு, வளைவில் உட்புறச் சக்கரம் பிடிப்பை இழந்து சுழலாமல் இருக்க அந்தச் சக்கரத்தின் பிரேக்கைத் தானாகவே பிடிக்கிறது. நாம் ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டு வளைவிலிருந்து வெளியேறும்போது, ஆறிக்கொண்டிருக்க வேண்டிய முன் பிரேக் மேலும் சூடாகிக்கொண்டிருக்கிறது என்பது இதன் பொருள். கார் வழுக்கிச் சுழலாமல் காக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலும் இப்படியே பின்சக்கரப் பேட்களைத் தேய்க்கும். அவற்றை அணைத்துவிடச் சொல்லவில்லை. புதியவர்கள் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலை அணைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஸ்டியரிங்கை மெதுவாக நேராக்கிய பிறகு ஆக்சிலரேட்டரைத் திறக்கப் பழகினால், அந்த அமைப்புகள் தலையிடும் தேவையே குறைந்து, பிரேக்கும் குளிர்ச்சியாக இருக்கும். ஓட்டும் முறையும் ஒரு குளிரூட்டும் கருவிதான்.

இனி டர்போ. காற்றை அழுத்தினால் அது சூடாகும். இயற்பியல் பாடத்தில் படித்த இந்த விதிக்கு எந்த டர்போவும் விலக்கில்லை. கத்திரி வெயிலில் இல்லாமல் சாதாரணமான 35 டிகிரி நாளையே எடுத்துக்கொண்டாலும், காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு உயர்த்தும், 70 சதவீதத் திறனுள்ள கம்பிரசரிலிருந்து அந்தக் காற்று ஏறத்தாழ 130 டிகிரியில் வெளிவரும். அதை இன்டர்கூலர் 50, 60 டிகிரிக்குக் கொண்டுவந்து என்ஜினுக்குக் கொடுக்க வேண்டும். சாலையில் ஒரு லாரியை முந்த ஐந்து விநாடி முழு பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) கேட்போம். இன்டர்கூலரின் அலுமினியம் அந்த வெப்பத்தை வாங்கிவைத்துக்கொண்டு பிறகு மெதுவாக ஆறிவிடும். தடத்தில் ஆறுவதற்கு நேரம் கிடையாது. ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே போகும் காற்று முந்தைய சுற்றைவிடச் சூடாக இருக்கும். சூடான காற்றில் அடர்த்தி குறைவு என்பது ஒரு பக்கம். அதைவிட முக்கியமாக, சூடான கலவை தீப்பொறியிலிருந்து பரவும் சுடர் வந்து சேர்வதற்குள் தானே வெடிக்கும் நாக்கிங் ஆபத்தை உண்டாக்குகிறது. நாக் சென்சார் அதை உணர்ந்ததும் ஈசியூ தீப்பொறியின் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளி, பூஸ்ட்டையும் குறைக்கும். கார் நான்காவது சுற்றில் சோர்ந்துவிட்டதாக ஓட்டுபவர் உணர்வது இதைத்தான். அது பழுதன்று, என்ஜின் தன்னைக் காத்துக்கொள்கிறது.

இந்த நிலையில் ரீமேப் செய்து பூஸ்ட்டைக் கூட்டினால் முதல் சுற்று மட்டும் வேகமாக இருக்கும். பெரிய இன்டர்கூலர் ஒன்றைப் பொருத்தினால் வலு எதுவும் கூடாமலேயே பத்தாவது சுற்றும் முதல் சுற்றைப் போல இருக்கும். ஆனால் எல்லாவற்றிலும் பெரியதை வாங்குவதும் தவறு. மிகப் பெரிய இன்டர்கூலரை நிரப்பக் காற்றுக்கு நேரமாகும், ஆக்சிலரேட்டருக்கு என்ஜின் பதில் சொல்வது தாமதமாகும். அதோடு அது ரேடியேட்டருக்கு முன்னால் நின்றால் அங்கே போகும் காற்றையும் தடுக்கும். காரின் மூக்கில் நுழையும் காற்று இன்டர்கூலர், ஏசி கண்டன்சர், ரேடியேட்டர் ஆகியவற்றின் ஓரங்களில் கசிந்து தப்பிக்காமல், அவற்றின் ஊடாகவே போகும்படி இடைவெளிகளை அடைப்பது மிகக் குறைந்த செலவில் செய்யக்கூடிய வேலை. கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே சேர்ந்திருக்கும் பூச்சிகளையும் தூசியையும் நீக்குவதும் அப்படியே.

பெட்ரோலில் சிக்கனம் பார்க்க வேண்டாம். ஆக்டேன் எண் கூடக்கூட நாக்கிங்குக்கு முந்தைய எல்லை விரிகிறது. இந்தியன் ஆயில் 2020இல் அறிமுகப்படுத்திய 100 ஆக்டேன் எக்ஸ்பி100, சாதாரண நகர ஓட்டத்துக்கு வீண்செலவாக இருக்கலாம். மே மாதத்துத் தடத்தில் டர்போ காருக்கு அது வீண்செலவன்று. டேங்கில் கால்பங்குக்குக் கீழே இறங்கவிடக் கூடாது. நீண்ட வளைவில் பெட்ரோல் ஒருபக்கமாக ஒதுங்கி, பம்பு காற்றை இழுத்தால், முழு பூஸ்ட்டில் பெட்ரோல் குறையும். டர்போ என்ஜினுக்கு அதைவிடக் கெட்ட நேரம் வேறில்லை.

என்ஜின் ஆயில் டர்போ காரில் இரட்டை வேலை செய்கிறது. நிமிடத்துக்கு லட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுகள் சுழலும் டர்போவின் தண்டு மிதப்பதே ஆயில் படலத்தின் மேல்தான். அந்தத் தண்டின் ஒரு முனையில் 900 டிகிரியைத் தொடும் எக்ஸாஸ்ட் வாயு. முழு வேகத்தில் ஓட்டிவிட்டுப் பிட்டுக்கு வந்ததும் என்ஜினை அணைத்தால், ஓட்டம் நின்றுபோன ஆயில் தாங்கிக்குள்ளேயே வெந்து கரியாகப் படியும். புதிய கார்களில் என்ஜின் நின்றபின்னும் மின்பம்பு கூலன்ட்டைச் சுழலவைக்கிறது என்றாலும், கடைசிச் சுற்றை பூஸ்ட் இல்லாமல், பிரேக்கைத் தொடாமல், உயர்ந்த கியரில் மெதுவாக ஓட்டி முடிப்பதே சிறந்த மருந்து. அந்தச் சுற்றில் டர்போ, பிரேக், கியர்பாக்ஸ், டயர் அனைத்தும் ஒருசேர ஆறுகின்றன.

ஆயிலின் தரத்தில் என் காரின் கையேடு கேட்பது ஃபோக்ஸ்வாகனின் 502 00 ஒப்புதல். நான் அந்த ஒப்புதலுள்ள 5டபிள்யூ-40 ஆயிலையே பயன்படுத்துகிறேன்; கையேடு சொல்லும் பத்தாயிரம், பதினைந்தாயிரம் கிலோமீட்டர்களைத் தட ஓட்டத்துக்கு எடுத்துக்கொள்ளாமல், இரண்டு மூன்று டிராக் டேக்களுக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறேன். அளவுக்குச்சியில் ஆயில் மேல்கோட்டருகே இருக்க வேண்டும், அதைத் தாண்டக் கூடாது. வளைவில் ஆயில் சம்ப்பின் (என்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியின்) ஒருபக்கமாக ஏறும்போது உறிஞ்சுகுழாய் வெளியே தெரிந்துவிடக் கூடாது என்பதே நோக்கம். சாலை டயர்கள் தரும் பிடிப்புக்குள் ஓட்டும்வரை சம்ப்புக்குள் தடுப்புத்தகடு பொருத்த வேண்டிய அவசியம் வராது. பந்தய டயர்களுக்கு மாறுபவர்கள் அதைப் பற்றி யோசிக்க வேண்டும். ஆயில் வெப்பநிலையைக் காட்டும் திரை பல கார்களில் இருக்கிறது. 130 டிகிரியை நெருங்கினால் அந்தச் சுற்றோடு வேகத்தைக் குறைத்துவிடுவது என் விதி. தண்ணீர் வெப்பநிலை முள் நடுவில் அசையாமல் நிற்பதை நம்பி ஆயிலை மறந்துவிடுபவர்கள் அதிகம். அந்த முள் சிறிய ஏற்ற இறக்கங்களைக் காட்டாதபடி அமைக்கப்பட்டது.

டயரிலும் வெப்பம்தான் பேசுகிறது. 30 டிகிரியில் 32 பிஎஸ்ஐ அடித்த டயரின் உள்காற்று 80 டிகிரிக்குச் சூடானால் அழுத்தம் ஏறத்தாழ 40 பிஎஸ்ஐ ஆகிவிடும். 40 பிஎஸ்ஐயில் டயரின் நடுப்பகுதி புடைத்து, தரையைத் தொடும் பரப்புக் குறைந்து, கார் வழுக்கும். 27 பிஎஸ்ஐயில் தொடங்கினால் அதே வெப்பத்தில் 34இல் வந்து நிற்கும். எனவே குளிர்ந்த நிலையில் எவ்வளவு அடித்தோம் என்பதைவிட, தடத்திலிருந்து வந்த உடனே, டயர் ஆறுவதற்குள், எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதே முக்கியம். முன்சக்கர இயக்கக் காரில் இழுப்பது, திருப்புவது, நிறுத்துவதில் பெரும்பங்கு ஆகிய மூன்றையும் முன் டயர்களே செய்வதால், அவை பின் டயர்களைவிடச் சூடாகும். அவற்றைத் தனியாக அளந்து தனியாகக் குறைக்க வேண்டும். பெட்ரோல் பங்க் அளவுமானியை நம்பாமல் சொந்தமாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வீடு திரும்பும் முன் காற்றைக் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுக்கு மறுபடி அடிக்க மறக்கக் கூடாது. குறைந்த காற்றோடு நெடுஞ்சாலைக் குழியில் இறங்கினால் ரிம் வளைந்துவிடும்.

முதல் சில நாட்களுக்கு நல்ல சாலை டயரே போதும். மைக்கேலின் பைலட் ஸ்போர்ட் 4 போன்ற டயர் தன் எல்லையை நெருங்குவதைச் சத்தத்தாலும் மெல்லிய நழுவலாலும் முன்கூட்டியே சொல்லிவிடும். கற்றுக்கொள்பவருக்கு அதுதான் தேவை. டயரின் வெளித்தோள் மட்டும் தேய்ந்து கிழிந்தால், அது டயரின் குறையன்று, கேம்பர், அதாவது சக்கரத்தின் மேற்பகுதி உள்நோக்கிச் சாயும் அளவு, போதாததன் அடையாளம். நிறுவனம் சாலைக்கென்று வைத்த கேம்பரைவிட முன்சக்கரங்களில் இரண்டு டிகிரி அளவுக்கு உள்நோக்கிச் சாய்த்தால் டயரின் ஆயுளே கூடும். ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் மாற்றங்களைப் பற்றி இதற்கு மேல் சொல்லப்போவதில்லை. ஷாக் அப்சார்பர் ஒழுகாமலும் இணைப்புகளிலுள்ள ரப்பர் புஷ்கள் கிழியாமலும் இருந்தால் அந்தச் செலவை ஓராண்டு தள்ளிப்போடலாம்.

முதல் நாள் காலையில் செய்ய வேண்டியவை எளியவை. சக்கரப் போல்ட்டுகளை, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் சரிபார்க்க வேண்டும். என் காருக்கு 120 நியூட்டன் மீட்டர். ஸ்டெப்னி, ஜாக், கால்மிதி, தண்ணீர் பாட்டில், டேஷ்போர்டில் ஒட்டிய சிறு பிள்ளையார் உட்பட, நகரக்கூடிய எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. இழுவைக் கொக்கியை அதன் துளையில் முறுக்கி வைத்துவிட வேண்டும். முழுக்கைப் பருத்திச் சட்டை, மெல்லிய அடி கொண்ட காலணி, தீயணைப்பான், தலையை முழுதும் மூடும் ஹெல்மெட் ஆகியவை வேண்டும். இருசக்கர வாகன ஹெல்மெட்டை அனுமதிக்கும் நிகழ்வுகளும் உண்டு. ஆனால் ஸ்னெல் அமைப்பின் கார் பந்தயத்துக்கான எஸ்ஏ வகை, தீயைத் தாங்கும் உள்ளுறையோடு சோதிக்கப்படுவது என்பதால் நான் அதையே வாங்கச் சொல்வேன். நான்குமுனைச் சீட் பெல்ட்டைச் சாதாரண இருக்கையில் பொருத்துவதை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். கார் உருண்டு கூரை அமுங்கினால், ரோல் கேஜ் (கூரையைத் தாங்கும் உலோகக் கூண்டு) இல்லாத காரில் அது உடலை நிமிர்ந்தே பிடித்துவைக்கும், விலகிச் சாய இடம் தராது.

காப்பீட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் நாட்டு வாகனக் காப்பீட்டுப் பத்திரங்களில் பந்தயம், வேகச் சோதனை போன்றவை விலக்கப்பட்ட பயன்பாடுகளாகவே எழுதப்பட்டிருக்கும். தடத்தில் சுவரில் மோதினால் செலவு முழுவதும் நம்முடையது என்று எண்ணியே உள்ளே போக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, நிறுவனம் செய்துகொடுத்த அமைப்பிலிருந்து வாகனத்தை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. பேட், திரவம், ஆயில், டயர் என்று தேய்மானப் பொருட்களில் தயாரிப்பை நிறுத்திக்கொள்வதற்கு அதுவும் ஒரு நல்ல காரணம்.

ஓட்டும் நாளைத் தேர்ந்தெடுக்க முடியுமானால் மார்கழி, தை மாதங்களையும், நாளின் முதல் தவணைகளையும் தேர்ந்தெடுங்கள். 40 டிகிரிக் காற்று 20 டிகிரிக் காற்றைவிட ஆறு சதவீதத்துக்கும் மேல் அடர்த்தி குறைந்தது. இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் அது தரும் குளிர்ச்சியும் குறைகிறது. தடத்தில் முதல் சுற்று சூடாக்குவதற்கு, நடுவில் மூன்று நான்கு சுற்றுகள் வேகத்துக்கு, கடைசிச் சுற்று ஆறவைப்பதற்கு. பிட்டுக்கு வந்ததும் ஹேண்ட்பிரேக் போடக் கூடாது. கொதிக்கும் டிஸ்க்கைப் பேட் இறுகப் பிடித்தபடி நின்றால், அந்த இடத்தில் பேடின் பொருள் ஒட்டிக்கொண்டு, பிறகு ஒவ்வொரு பிரேக்கிங்கிலும் கார் நடுங்கும். சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பானெட்டைத் திறந்துவிட்டு, காற்றழுத்தத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே போகும் காற்றின் வெப்பநிலை, ஆயில் வெப்பநிலை இரண்டையும், காரின் கணினியிலிருந்து தகவலைப் படிக்கும் ஓபிடி கருவியின் வழியாகக் கைப்பேசியில் பதிவுசெய்துகொண்டால் எதை வாங்க வேண்டும் என்பதை விற்பவர் சொல்லத் தேவையிருக்காது.

என் காரில் ரீமேப்பை இன்னும் செய்யாததற்குக் காரணமும் அந்தப் பதிவுகள்தான். இந்த என்ஜினில் முதல்கட்ட ரீமேப் 70 குதிரைத்திறன் வரை கூட்டித் தரும் என்கிறார்கள், அதை நம்புகிறேன். பெட்ரோல் என்ஜின் எரிக்கும் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே சக்கரத்தைச் சுழற்றும் வேலையாகிறது. மற்ற இரண்டு பங்கும் எக்ஸாஸ்ட்டிலும் கூலன்ட்டிலும் ஆயிலிலும் வெப்பமாகப் போகிறது. 70 குதிரைத்திறனைக் கூட்டினால் முழு வேகத்தில் 100 கிலோவாட் வெப்பமும் கூடவே வரும். மார்ச் மாதத்து முற்பகலில், கூட்டாத வலுவோடு ஓட்டும்போதே என் காரின் ஆயில் ஐந்தாவது சுற்றில் 128 டிகிரியைத் தொடுகிறது. இந்த ஆண்டு தெர்மோஸ்டாட்டோடு கூடிய ஆயில் கூலர் ஒன்றைப் பொருத்துவதாக இருக்கிறேன். குளிர்காலக் காலைகளில் ஆயில் சூடாக நெடுநேரம் ஆகிவிடாமல் இருக்கத்தான் அந்தத் தெர்மோஸ்டாட். அதே மார்ச் வெயிலில், அதே சுற்றுகளில், ஆயில் 115 டிகிரிக்குள் நிற்கும் என்று பதிவு காட்டினால் ரீமேப்புக்கு ஒர்க்‌ஷாப்பில் நாள் கேட்பேன். நிற்காவிட்டால் அந்தப் பணம் அடுத்த செட் டயருக்கு.